மூலைக் கட்டத்தில் கார்த்திக் பெயர்

ஊர் நடுவில் ஒரு பொதுக் கட்டடம் எழும்ப வேண்டுமென்றால் நூறு பேர் உழைக்க வேண்டும், இருநூறு பேர் ஆட்சேபிக்க வேண்டும், கடைசியில் ஒரே ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் போட்டோவுக்கு நிற்க வேண்டும்.

எங்கள் ஆபீசில் அந்த ஒருத்தன் பெயர் கார்த்திக். உங்கள் இடத்திலும் இப்படி ஒருத்தன் இருப்பான். அவன் பெயரைக் கேட்டாலே உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படியானால் நீங்கள் நம்ம ஆள், வாங்க, இப்படி உட்காருங்க. எங்களுடையது மாட்டுங்காவில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். நூலகம், மருந்தகம், வார்டு அலுவலகம் மாதிரிப் பொதுக் கட்டடங்கள்தான் எங்களுக்குச் சோறு. கார்த்திக் படம் போடுவான். அந்தப் படம் விதிப்படி இருக்கிறதா என்று நான் பார்ப்பேன்.

அவன் மூன்று தலைமுறையாக மாட்டுங்காக்காரன். தமிழ் வாய் நிறையப் பேசுவான், படிக்கத்தான் வராது. ஹோட்டல் போர்டை அவன் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் இட்லி ஆறிவிடும். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். அவன் அம்மாவுக்கு நன்றாகப் படிக்க வரும். அவர் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

தப்புக்குச் சம்பளம்

ஒவ்வொரு வரைபடத்திலும் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கட்டடத்தின் பெயர், தாள் எண், அப்புறம் இரண்டு வரி. மேல் வரியில் ‘டிசைன்’ என்று போட்டு ஒரு பெயர். கீழ் வரியில் ‘செக்கிங்’ என்று போட்டு ஒரு பெயர். நான் சேர்ந்த நாளிலிருந்து மேல் வரி கார்த்திக், கீழ் வரி பேச்சியம்மாள், அதாவது நான். இத்தனைக்கும் இரண்டு பேரும் படித்த படிப்பு ஒன்றுதான். அவன் அமைதியான ஃபிளாட்டில் தனி மேஜை போட்டுப் படித்தான். நான் தாராவியில், கீழே தையல் மிஷின் ஓடுகிற வீட்டின் மேல்தட்டில் படித்தேன். மார்க் கொஞ்சம் எனக்குத்தான் கூட. எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரு தாளில், ஒரே ஒரு தாளில், அந்த மேல் வரியில் என் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

என் அம்மாவுக்கு நான் ஆபீசில் என்ன செய்கிறேன் என்பது ரொம்ப நாளாகப் பிடிபடவில்லை. ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். ஒரு பையன் கட்டடத்தைப் படமாக வரைவான், அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று நான் கண்டுபிடிக்கணும், அதற்குச் சம்பளம் என்று விளக்கினேன். அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தாள்.

“அப்போ அந்தப் பய தப்பே பண்ணலைன்னா ஒனக்குச் சம்பளம் கெடையாதாட்டி? அவன் நல்லா தப்புப் பண்ணணும்னு சாமியக் கும்பிட்டுக்கோ!”

தூங்குமூஞ்சி மரம்

இந்தக் கதை முழுக்க ஒரே கட்டடத்தைப் பற்றியது. சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு காலி மனை. அங்கே கீழ்த்தளத்தில் மருந்தகமும் சான்றிதழ் கொடுக்கும் கவுண்டரும், மேலே நூலகம், அதற்கும் மேலே கூட்டம் போட ஒரு அரங்கு. என்னென்ன விதி என்று மாநகராட்சியில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். வாசல் தெருவைப் பார்த்து இருக்கணும். தெருப்பக்கம் மொட்டைச் சுவர் கூடாது. நடைபாதையை விழுங்கக் கூடாது. நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் எல்லாரும் வருகிற அதே வாசலில்தான் வரணும், கொல்லைப்பக்கமாக அல்ல. எனக்கு எல்லாம் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கார்த்திக் முதல் படத்தைக் கொண்டுவந்தான். அடேயப்பா! கண்ணாடி வாசல், மேலே இறக்கை விரித்த மாதிரி ஒரு கூரை, பலூன் பிடித்த குழந்தைகள். நிஜத் தெருவில் இருக்கும் பூக்கடையையும் பஸ் ஸ்டாப்பையும் காணோம். வயிறு எரிய எரிய ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். கிடைத்தது! மனையின் முகப்பில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. அவன் வாசல் சரியாக ஒரு மரத்தின் அடிமரத்துக்குள்ளே இருந்தது. எங்கள் முதலாளி சாவந்த் சார் முன்னாலேயே விரலை வைத்துக் காட்டினேன். எனக்குள்ளே ஒரே கொண்டாட்டம்.

கார்த்திக் அரை நிமிஷம் பார்த்தான். பென்சிலை எடுத்தான். வாசல் சுவரை மரத்தைச் சுற்றி வளைத்தான். அடப்பாவி, முன்னைவிட நன்றாக இருந்தது! சார் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். அவர் பேசுவது மராட்டியும் ஹிந்தியும் கலந்து. நான் தமிழில் எழுதுகிறேன்.

“அரே பேச்சி, பாத்தியா? மரத்தைக்கூட டிசைன்ல சேத்துட்டான் நம்ம கார்த்திக்!”

கேட்காமல் வரும் சட்னி

மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போகும் ஹோட்டலில் கார்த்திக்கின் தாத்தா காலத்திலிருந்து அவர்களுக்குத் தனி மரியாதை. அவன் உட்கார்ந்ததும் தண்ணீர் வரும். சட்னி தீர்வதற்குள் அடுத்த சட்னி வரும். காப்பி நுரை பொங்கி வரும். எனக்கு? சாம்பாருக்குக் கையை உயர்த்தி உயர்த்தித் தோள்பட்டை வலி கண்டதுதான் மிச்சம். இதற்கெல்லாமா பொறாமைப்படுவாய் என்று கேட்காதீர்கள். பொறாமை பெரிய விஷயத்தில் பிறந்தாலும் சின்ன விஷயத்தைத் தின்றுதான் வளர்கிறது.

ஒருநாள் கட்டடத்தின் படம் பேப்பரில் வந்திருந்தது, பக்கத்தில் கார்த்திக்கின் முகமும். சர்வர் அண்ணன் பேப்பரை மடித்துக் கொண்டுவந்து அவனிடம் காட்டி வாயெல்லாம் பல்லாக நின்றார். கார்த்திக் உடனே, “இவங்களும்தான், ரெண்டு பேரும் சேந்து பண்றோம்” என்று என்னைக் காட்டினான். அவன் நல்லவனாகவும் இருப்பதுதான் எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம். சர்வர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்படியா மேடம், சார் ஆபீஸ்ல டைப்பிங் நீங்கதானா?”

ஆகாசமும் கக்கூசும்

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி. ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டினோம். கார்த்திக் திரையில் படம் காட்டினான். காலையில் கட்டடம், மாலையில் கட்டடம், மேகத்துக்குக் கீழே கட்டடம். ஆகாசம் மட்டும் ஏழெட்டு நிறத்தில் வந்தது. ஜனங்கள் ஆவென்று பார்த்தார்கள். நான் மூலையில் என் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஆளாவது எழுந்து ஏதாவது குறை சொல்ல மாட்டானா என்று காத்துக்கிடந்தேன்.

காதர் பாய் எழுந்தார். தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருப்பவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கம். “எல்லாம் சரி, கக்கூஸ் எங்கன இருக்கு?” என்றார். கார்த்திக் திரையைப் பார்த்தான், திரை ஆகாசத்தைக் காட்டியது. நான் எழுந்தேன். சந்தைப் பெண்கள் கட்டடத்துக்குள் வந்து யாரையும் கெஞ்ச வேண்டாம், தெருப்பக்கமே தனி வாசல், கவுண்டர் மூடினாலும் இது திறந்திருக்கும், தண்ணீர்த் தொட்டி இங்கே என்று படபடவென்று சொன்னேன். பின்வரிசையில் பெண்கள் கை தட்டினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாழ்நாளில் முதல் கைதட்டல், அதுவும் கக்கூசுக்கு! காதர் பாய் உட்காருவதற்கு முன்னால் ஒன்று சொன்னார்.

“தங்கச்சி, ஒங்க சார் ஆகாசத்தக் காட்டுதாரு, நீங்க கக்கூஸக் காட்டுதீய, எங்களுக்கு எது அவசரம்னு ஒங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.”

அடித்தட்டு

கார்த்திக்கின் படத்தில் எல்லாருக்கும் பிடித்தது, படியே இல்லாத வாசல். நடைபாதை அப்படியே கட்டடத்துக்குள் போகும். “தெருவே உள்ள நடந்து வரணும், பேச்சி” என்பான். சார் அந்த வாக்கியத்தைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் பிடித்திருந்தது, அதனால் இன்னும் எரிந்தது. ஆனால் அந்தத் தெருவில் மழைக்காலத்தில் நடந்து வருவது தெரு மட்டுமா? தண்ணீரும் வரும். தாராவியில் பிறந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வருஷா வருஷம் கட்டில்மேல் அடுப்பை ஏற்றி வைத்துச் சமைத்த குடும்பம் எங்களுடையது.

தண்ணீர் எவ்வளவு உயரம் வரும்? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், மழையைப் பெரிதாகச் சொல்கிறவர்களும் உண்டு, சிறிதாகச் சொல்கிறவர்களும் உண்டு. எதிர்வரிசைக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் கண்ணில் பட்டது. பூக்கடை, பாத்திரக்கடை, ஊறுகாய்க் கடை, எல்லாவற்றிலும் அடித்தட்டு காலி. ஜூன் பிறந்தால் அந்தத் தெருவில் அடித்தட்டில் யாரும் சாமான் வைப்பதில்லை; யாரும் சொல்லிச் செய்வதல்ல, அப்படியே பழக்கம். உடனே, தண்ணீர் எட்டாத இரண்டாம் தட்டு எவ்வளவு உயரம் என்று அளவு டேப்பை இழுத்துக்கொண்டு கடை கடையாகக் குனிந்தேன். பூக்கடை சண்முகத்தாய் கோவில்பட்டிக்காரி, என் வயசுதான் இருக்கும். நான் அவள் காலடியில் டேப்போடு ஊர்வதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, பூ வாங்குறதுன்னா வாங்குங்க, அளவெடுக்கதுக்கு நானென்ன தையக்கடையா வச்சிருக்கேன்?”

ஞாயிற்றுக்கிழமை மீன்

கணக்குப் போட்டால் தரை மூன்று அடி உயர்ந்தாக வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை என்றால் ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று அடிக்கு முப்பத்தாறு அடி, திரும்புகிற இடம் தனி. அதுவும் முன்வாசலில். அதாவது முகப்பு முழுவதும் சரிவும் படியும்தான். தெரு உள்ளே நடந்து வர இனி இடமில்லை. இதை நான் சொன்னபோது கார்த்திக்கின் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளே பண்டிகை. அதோடு விட்டேனா? இறக்கை மாதிரி ஒரு கூரை போட்டிருந்தானே, அது மனை எல்லையைத் தாண்டி நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, ‘எல்லை தாண்டுகிறது, நீக்கவும்’ என்று எழுதினேன். “ரூல்னா ரூல்தான்” என்று எடுத்துவிட்டான். சண்டைகூடப் போடவில்லை.

படியை யார் வரைவது? அவனுக்கு மனசில்லை. “நான் வரைகிறேன்” என்றேன். செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். அகலமான படிகள், உட்கார்ந்தால் முட்டி மடங்குகிற மாதிரி; நடுவே சரிவுப் பாதை இரண்டு மரங்களையும் தொட்டுத் தொட்டு மேலே ஏறியது. கைப்பிடி இரண்டு உயரத்தில், பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. வரைந்து முடித்துவிட்டு மூலைக் கட்டத்துக்கு வந்தேன். ‘டிசைன்’ என்ற வரியில் ‘பேச்சியம்மாள்’ என்று தட்டினேன். தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். அடுப்பங்கரையிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், கையில் கழுவாத மீன்.

“ஒரு படிக்கட்டுக்காகவா பேச்சி, இந்த வாரம் கொழம்பே இல்லாமப் போச்சு?”

பூட்டு

வரைபடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மாநகராட்சிக்குக் கொடுக்கும்போது, மூலைக் கட்டம் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி தானாகவே விழும். முன்பெல்லாம் ஆளாளுக்கு அந்தக் கட்டத்தில் கை வைத்து, ஒரே கட்டடத்துக்கு மூன்று விதமாகப் பெயர் போய், அங்கே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதனால் யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி கம்ப்யூட்டரில் ஒரு பூட்டுப் போட்டாகிவிட்டது. தனித் தாளில் நீங்கள் எதை எழுதினாலும், சேர்க்கும்போது ஆபீஸ் கட்டம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இந்தப் பூட்டை யோசித்ததும் போட்டதும் யார் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் நான்தான். ஆபீசே என்னைப் பாராட்டியது.

தாள்கள் முத்திரை வாங்கித் திரும்பி வந்தன. படித் தாளை மட்டும் உருவி எடுத்து வீட்டில் காட்டலாம் என்று பார்த்தால், மேல் வரியில் கார்த்திக்! கீழ் வரியில் நான்! என் படியை நானே சரிபார்த்திருக்கிறேன். கார்த்திக் பதறிவிட்டான், “அய்யய்யோ, நான் சார்கிட்ட சொல்றேன் பேச்சி” என்றான். அவன் சொல்லி எனக்கு ஒரு பெயர் வர வேண்டுமா? “ஒன்றும் வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு மனசு கேட்காமல் நானே சாரிடம் போய் நின்றேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்பப் பரிதாபமாகச் சிரித்தார்.

“ஒரு பேரை மாத்தணும்னா முழு செட்டையும் திருப்பி வாங்கி ரிவிஷன் போடணும், அந்த ரூலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே பேச்சி?”

மாமியின் முழங்கால்

திறப்பு விழாவன்று யாரும் மேல்மாடியைப் பார்க்கவில்லை, நூலகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் படியில்தான் இருந்தார்கள். காலேஜ் பெண்கள் உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள், சந்தைக்கு வந்தவர்கள் காய்கறிப் பையை இறக்கி வைத்து ஆயாசம் தீர்த்தார்கள், பிள்ளைகள் சரிவில் ஓடி ஓடி இறங்கின. டிவிக்காரர்கள் கார்த்திக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் படி எண்ணம் எப்படி வந்தது?” என்று கேட்டார்கள். அவன் “அது எங்க டீமில...” என்று ஆரம்பித்துக் கூட்டத்தில் யாரையோ தேடினான். அதற்குள் மைக் அடுத்த ஆளிடம் போய்விட்டது. அவன் தேடியது என்னைத்தான். நான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பொறாமைக்காரி எங்கே நிற்பாள்?

அப்போது ஒரு வயதான அம்மா கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி வந்து, எனக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். கார்த்திக்கின் அம்மா. கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார். எந்த உயரத்தில் வைத்தால் கை தானாகப் போய் உட்காரும் என்று என் அம்மாவை நிற்க வைத்து அளந்து நான் போட்ட கைப்பிடி அது. சொல்லலாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பூரித்துப் போய்ச் சொன்னார்.

“பாரேன், எனக்கு முழங்கால் வலின்னு மனசுல வெச்சுண்டே போட்டிருக்கான் என் பிள்ளை!”

மழை நாள்

கட்டடம் ஒரு மழையைப் பார்த்த பிறகு குறை பார்க்கப் போவது எங்கள் ஆபீஸ் வழக்கம். எங்கே ஒழுகுகிறது, எங்கே வழுக்குகிறது என்று எழுதி வர வேண்டும். அந்த ஜூலையில் நானும் கார்த்திக்கும் போனோம். போன நேரம், வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. பார்க்கப் பார்க்கத் தெரு ஆறாகிவிட்டது. ரயில் நின்றது, பஸ் நின்றது. நடைபாதை முழுகி, முதல் படி முழுகி, இரண்டாவது, மூன்றாவது. சந்தை மொத்தமும் படிமேல் ஏறிவிட்டது. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைச் சரிவு வழியே தள்ளிக்கொண்டு போனார்கள். சண்முகத்தாய் பூக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு படியாக மேலே மாற்றினாள். வாசலுக்கு உள்ளே மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திக் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, முழுகிய படிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வரைந்த வாசல் இப்போது தண்ணீருக்கு எவ்வளவு கீழே இருந்திருக்கும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். சண்முகத்தாய்க்கு அவனை டிவியில் பார்த்த ஞாபகம். “நல்ல படியா கட்டியிருக்கீங்க சார், நல்லா இருப்பீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கார்த்திக் சட்டென்று என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினான். “நான் இல்லை. நான் இந்தத் தண்ணிக்குள்ள வாசல் வெச்சிருந்தேன். இந்தப் படி இவங்க டிசைன். எல்லாம் இவங்கதான்!” என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினான். படியிலிருந்த மொத்த ஜனமும் திரும்பி என்னைப் பார்த்தது. இத்தனை வருஷம் நான் ஏங்கிய நிமிஷம். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டேன்.

சண்முகத்தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நனைந்த தலையோடு நின்றாள். அவள் மல்லிகை எல்லாம் மழையில் அழுகிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு கூரை இல்லை. ஒன்று இருந்தது; யார் நீக்கினார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

“அந்த டேப் புடிச்ச அக்காவா நீ? கீழருந்து வாற தண்ணிக்கு அம்புட்டு அளவெடுத்தியே, மேலருந்து கொட்டுற தண்ணிய யாரு பாப்பா?”

சிவப்பு மை

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், அப்புறம் சிரித்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோனார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? இத்தனை வருஷம் நான் அடுத்தவன் வேலையில் குறை கண்டேன். முதல்தடவையாக ஒருத்தி என் வேலையில் குறை கண்டிருக்கிறாள்! மூலைக் கட்டம் அவளுக்குத் தெரியாது, மேல் வரி கீழ் வரி தெரியாது. படி என்னுடையது என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டாள். முத்திரை வாங்கிய எந்தத் தாளும் எனக்கு அதைக் கொடுத்ததில்லை.

மறுநாள் கார்த்திக்கின் மேஜைக்கு நானே போனேன். அவனுடைய இறக்கைக் கூரையை எல்லைக்குள்ளே இழுத்து, மரத்தை ஒட்டி மடக்கினால் நிற்குமா என்று கேட்டேன். “நிக்கும். அப்பவே கேட்டிருந்தா அப்பவே நின்னிருக்கும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கும் எரிந்தது, ஆனால் பழைய எரிச்சல் இல்லை. கூரைக்கு ரிவிஷன் போட்டோம். ரிவிஷன் போடும்போது முழு செட்டும் திரும்பி வரும் அல்லவா? சார் என்னைக் கூப்பிட்டு, பூட்டைத் திறக்கச் சொன்னார். படித் தாளில் மேல் வரி: பேச்சியம்மாள். கீழ் வரி: கார்த்திக்.

தாளை அவன் சரிபார்க்க எடுத்துக்கொண்டு போனான். சாயந்திரம் திருப்பிக் கொடுத்தபோது, அம்மை போட்ட மாதிரி தாள் முழுக்கச் சிவப்பு வட்டம். கைப்பிடி முடிகிற இடம் கூர்மையாக இருக்கிறது, படி விளிம்பு மழையில் வழுக்கும், மூன்றாவது படியில் வெளிச்சம் போதாது. ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை, சண்டாளன். எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் ஒரு கையில் சிவப்புப் பேனா, ஒரு கையில் நுரை பொங்கும் காப்பி, நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“தப்பு கண்டுபிடிக்கறது இவ்வளவு ஜாலியா இருக்கு, இதை இத்தனை வருஷமா நீ ஒருத்தியே வெச்சுண்டிருந்தியா பேச்சி?”

நகர நடுவில் எழும் எல்லாவற்றுக்கும் இவ்வளவு உயரம்தான் போகலாம் என்று விதி இருக்கிறது, மேல் வரிக்கு வந்த பிறகும் கீழ் வரிக்காரனைப் பார்த்து எனக்கு எழும்பும் பொறாமைக்கு மட்டும் இன்னும் யாரும் விதி போடவில்லை.